பொய்மீன்

எங்கள் வீட்டுக் குளியல் தொட்டி நாலரை அடி நீளம், இரண்டடி அகலம். உள்ளே வெள்ளை ஓடு பதித்திருக்கும். மூலையில் ஒரு ஓடு மட்டும் பெயர்ந்து, அந்த இடம் பாசி பிடித்துக் கிடக்கும். இத்தனை வருஷம் கழித்தும் அளவு மறக்காததற்குக் காரணம், அதை அளந்தவன் நான். அம்மாவின் தையல் டேப்பை என் கையில் கொடுத்து மாமா அளக்கச் சொன்னார்.

"நாலரை அடி மாமா."

"முட்டாம மூணரை அடி ஓடும். போதும்."

1984. எனக்குப் பதினோரு வயது. சிங்கப்பூரில், டன்லப் தெருவில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழே மசாலா அரைக்கும் கடை. மாடிப்படி ஏறும்போதே தும்மல் வரும். அப்பா துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுபவர். அம்மா, நான், அக்கா, அம்மாவைப் பெற்ற அம்மாச்சி. இவர்களோடு அம்மாவின் தம்பி. மாமா செம்பவாங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். இருபத்து நாலு வயது. கல்யாணப் பேச்சை எடுத்தாலே தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

தூண்டில் அம்மாச்சிக்குப் புதிதில்லை. மன்னார்குடிப் பக்கம் வாய்க்கால் கரையில் வளர்ந்தவள். நாக்குப்பூச்சியைக் கோத்துக் கெளுத்தி பிடித்ததையும், சின்னத் தவளையின் முதுகில் முள்ளை ஏற்றி அல்லித் தண்டுகளுக்கு நடுவே தத்தவிட்டு விரால் பிடித்ததையும் பாக்கு இடிக்கும்போது சொல்லுவாள். அவளுக்குப் புரியாதது மாமா செய்ய ஆரம்பித்த காரியம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கூடத்தில் பேப்பரை விரித்து, ஒரு கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னடா அது?"

"மீனும்மா."

"திங்கறதுக்கா?"

"மீன் திங்கறதுக்கு."

அம்மாச்சி அதைக் கையில் வாங்கி மோந்து பார்த்தாள். "நாக்குப்பூச்சின்னா சாவறதுக்கு முன்னால ஒரு வாயாவது தின்னுட்டுச் சாவும். பசியோட வர்றதுக்குக் கட்டையக் குடுக்கறியேடா. இது பொய்யில்ல?"

அன்றைக்கு விழுந்த பெயர் அது. ஊர் முழுக்க லூர் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் பொய்மீன்.

கட்டை ஜெலுத்தோங். பள்ளிக்கூடப் பட்டறை வகுப்புகளில் பிள்ளைகள் அறுத்துப் பழகும் மரம். வெண்ணெய் நிறம், லேசு, கத்திக்கு முரண்டு பிடிக்காது. ஜாலான் புசாரில் ஒரு தச்சுக்கடையில் துண்டு விழுந்ததைச் சும்மா கொடுப்பார்கள். முதுகெலும்பாக உள்ளே ஓடும் கம்பி, மாமா வேலையிடத்தில் கழித்துப் போட்ட துருப்பிடிக்காத வெல்டிங் கம்பி. வயிற்றுக்கு ஈயக் குண்டு. மோவாய்க்குக் கீழே துருத்தி நிற்கும் தகட்டை மாமா 'நாக்கு' என்பார்; அது பிஸ்கட் டின்னின் மூடியில் வெட்டியது. செதில் வேண்டும் என்பதற்காக அப்பாவின் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளை, கொசுவலைத் துணியில் வைத்து நகத்தால் தேய்த்துத் தடம் எடுத்து, உடம்பில் ஒட்டுவார். முதுகுக்கு நிறம் அக்காவின் நகப்பூச்சு. கண்ணுக்கு ஆனைக்குன்றிமணி. மலாய்க்காரர்கள் சாகா என்று சொல்லும் அந்த மரம் சிங்கப்பூர் முழுக்க இருக்கிறது. அடியில் குனிந்தால் சிவப்புச் சிவப்பாகப் பொறுக்கலாம். விரல் நீளத்து மீனுக்கு அவ்வளவு பெரிய கண் ஒவ்வாதுதான். எதையோ பார்த்துப் பயந்து விழித்த மாதிரி இருக்கும். மாமாவுக்கு அந்த முழியே பிடித்திருந்தது.

இந்த வெள்ளித்தாள் யோசனை அவருடையது இல்லை. சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தையில், துருப்பிடித்த ஆணிகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே, நாக்கு உடைந்த ஒரு ராப்பாலா லூரை இரண்டு வெள்ளிக்கு வாங்கி வந்திருந்தார். கடையில் புதிதாக வாங்க மனசு வராது, அரைநாள் சம்பளம். பின்லாந்துக்காரர் லௌரி ராப்பாலா அதை முதன்முதலில் செய்தது 1936இல். பரம ஏழை. செருப்புத் தைக்கும் கத்தியால் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த வெள்ளித்தாளை ஒட்டி, அதற்குமேல் பழைய புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசினாராம். ஏரியில் பெரிய மீன் எதைத் துரத்துகிறது என்று படகில் உட்கார்ந்து பார்த்தவர்: கூட்டத்தில் நேராக நீந்துகிறதை விட்டுவிட்டு, அடிபட்டுத் தள்ளாடுகிற ஒன்றைத்தான் அது அடிக்கிறது. அந்தத் தள்ளாட்டத்தைக் கட்டையில் கொண்டுவந்தார். மாமா இதை ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில் படித்துவிட்டு, சொந்தப் பெரியப்பா கதை மாதிரி எல்லாரிடமும் சொல்வார்.

தொட்டி அந்தத் தள்ளாட்டத்தைப் பார்ப்பதற்குத்தான்.

சாயங்காலம் எல்லாரும் குளித்து முடித்தபின் நாங்கள் இருவரும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வோம். பொய்மீனின் மூக்கு வளையத்தில் தங்கூசியைக் கட்டி ஒரு முனையில் விடுவார். (அம்மாச்சிக்கு அது தங்கூசி, மாமாவின் மலாய்க் கூட்டாளிகளுக்குத் தங்சி.) மறுமுனையில் நின்று நான் இழுக்க வேண்டும். மெதுவாக, அப்புறம் வேகமாக. அவர் தொட்டி விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு, டார்ச் விளக்கைத் தண்ணீருக்குள் அடித்துப் பார்ப்பார்.

முதல் ஐந்தாறும் உருப்படவில்லை. ஒன்று மல்லாந்து மிதந்தது. வயிற்றில் ஈயம் போதாது. ஈயத்தைக் கூட்டினால் அடுத்தது நேரே தரையைத் தொட்டது. ஒன்று பம்பரமாகச் சுழன்று தங்கூசியை முறுக்கியது. நாக்கு எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. செங்குத்தாக நின்றால் மீன் மேல்மட்டத்திலேயே உடம்பை ஆட்டு ஆட்டென்று ஆட்டும். படுக்கையாக முன்னால் நீண்டால் ஆட்டம் குறைந்து ஆழத்துக்கு இறங்கும். ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் மூக்கு வளையத்தை எதிர்ப்பக்கம் மயிரிழை வளைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வளைவு அது. மாமா குறட்டால் தொட்டதுபோல் இருக்கும், அவ்வளவுதான். சுவரில் முட்டிய மீன் நேராக ஓடிவரும். வெல்டிங்கில் அவர் கை எப்படியோ எனக்குத் தெரியாது. இதில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒருநாள், பூச்சுக்குள் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க இரண்டைத் தொட்டியிலேயே இரவு முழுக்க மிதக்க விட்டோம். அதிகாலை வேலைக்குக் கிளம்பிய அப்பா இருட்டிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறார். வெளியே வந்தபோது பனியனில் இளஞ்சிவப்பு. புதிதாக வாங்கியிருந்த ஏதோ ஒரு மலிவுச் சாயம் கரைந்திருக்கிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததையும் சேர்த்து அம்மா சொன்னாள்.

அன்றிலிருந்து வீட்டில் சட்டம். சாயம் காயாமல் தொட்டியில் இறங்கக் கூடாது. முள் எப்போதுமே கூடாது. பிள்ளைகள் குளிக்கிற தண்ணீரில் மூன்று கிளை முள்ளா என்று அவள் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை.

முள் இல்லாமல் பார்த்ததில்தான் சிக்கல் வந்தது. தொட்டியில் ஒழுங்காக ஆடிய மீன், முள்ளை மாட்டி வெளியே விட்டதும் மரக்கட்டையாகிவிடும். எடை மாறுகிறதே. சரி, முள்ளுக்குப் பதிலாக அதே எடையில் ஈயத்தைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம் என்றால், அவ்வளவு சின்ன எடையைப் போட்டுப் பார்க்க மளிகைக் கடைத் தராசு உதவாது. மாமா என்னைப் பத்தரிடம் அனுப்பினார்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் அஞ்சடி நடைபாதையை ஒட்டி ஒரு சின்ன அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் தராசு; காற்றுப் படக்கூடாது. பத்தர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"யாருக்குத் தோடு?"

நான் உள்ளங்கையைத் திறந்து இரண்டு முள்ளைக் காட்டினேன். சிரிக்கவில்லை. பஞ்சுபோல் இடுக்கியில் எடுத்துத் தட்டில் வைத்தார். முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதே அளவுக்கு ஈயக் கம்பியைக் கத்தரித்து, கடைசியில் ஒரு துணுக்கை அரத்தால் ராவிச் சரிசெய்து, பொட்டலம் கட்டிக் கொடுத்தார், பொன்னைக் கொடுப்பதுபோலவே. காசு வாங்கவில்லை. "அந்தக் கட்டையையும் ஒரு நாள் கொண்டா பார்ப்போம்" என்றார்.

மறுநாளே கொண்டுபோனேன். அப்போது எங்களிடம் இருந்தவற்றில் நல்லது அதுதான். ஆனால் என்ன வளைத்தாலும் வலப்பக்கம் சாய்ந்தது. பத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியில் நிறுத்திப் பார்த்தார்.

"இது ஆனைக்குன்றிமணில்ல? எங்க ஊர்ல பெரியவங்க இதயும் படிக்கல்லாப் போடுவாங்க தம்பி. நாலு சேர்ந்தா ஒரு கிராம் வரும். ஒண்ணுக்கொண்ணு ஒத்த எடைன்னு பேரு, ஆனா ஒத்துப்போகாது. பொறுக்கி எடுக்கணும். உங்க மாமா கண்ணைப் பொறுக்கல. சாய்மானம் கண்ணுல இருக்கு."

பை நிறையக் குன்றிமணியோடு அடுத்த சனிக்கிழமை போய் உட்கார்ந்தேன். வேலை ஓய்ந்த நேரத்தில் இரண்டு தட்டிலும் ஒவ்வொன்றாக வைத்து, முள் நடுவே நிற்கும் சோடிகளைத் தனியே எடுத்து வைத்தார். முப்பது நாற்பதில் ஏழு சோடி தேறியது. பழைய கண்ணைத் தோண்டிவிட்டுப் புதுச் சோடியைப் பதித்த அன்று, பொய்மீன் மூன்றரை அடியும் நேராக வந்து என் விரலைத் தொட்டது. வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. மாமா தாழ்ப்பாளைத் திறந்து, "எல்லாரும் வாங்க" என்று கத்தினார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அம்மாச்சி வந்து பார்த்தாள். "உயிர் இருக்கற மாதிரியே இருக்கே" என்றாள். அதைப் பாராட்டாகச் சொன்னாளா என்பது அவள் முகத்தில் தெரியவில்லை.

மூன்றரை அடி எத்தனை நாளைக்கு? அடுத்து ரோச்சோர் கால்வாய்க்குப் போனோம். வீட்டிலிருந்து ஐந்து நிமிஷம். இன்றைக்கு அதன் ஓரத்தில் செடியும் நடைபாதையும் பார்க்கிறவர்களுக்கு அன்றைய வாசனையைச் சொல்லி விளக்க முடியாது. கடலேற்றத்தில் தண்ணீர் நிறைந்து நிற்கும். வற்றத் தொடங்கினால் காலாங் பக்கமாக இழுக்கும். முழுக்க வற்றினால் கறுத்த சேறு. வற்றுகிற நேரம்தான் எங்களுக்கு வேண்டியது. பாலத்தில் நின்று தங்கூசியை இறக்கினால் போதும், இழுக்கவே வேண்டாம். ஓடுகிற தண்ணீரை எதிர்த்து மீன் நின்ற இடத்திலேயே நீந்தும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். சுங்கை ரோட்டில் கடை விரித்திருந்த சீனக் கிழவர்கள் எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். ஒருவர் கால்வாயையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டார், இங்கே என்ன மீன் இருக்கிறது என்று. "இப்போ இல்லை அங்கிள், வரும்" என்றார் மாமா.

அது வெறும் வாய்ப்பந்தல் இல்லை. 1977இல் பிரதமர் லீ குவான் யூ, பத்து வருஷத்தில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் தூண்டில் போட முடிய வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஒரு நாட்டின் துப்புரவுத் திட்டத்துக்குத் தூண்டிலை அளவுகோலாக வைத்த இடம் வேறெங்கும் உண்டா தெரியவில்லை. மேட்டில் இருந்த பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணைகள் அகன்றன. நடைபாதை உணவுக் கடைகள் கூரைக்குக் கீழே போயின. 1983இல் சரக்குத் தோணிகள் சிங்கப்பூர் ஆற்றை விட்டுப் பாசிர் பாஞ்சாங் போய்விட்டன. அம்மாச்சி எப்போதாவது முணுமுணுத்தால் மாமாவுக்கு இது ஒரு கேடயம்.

"பிரதமரே தூண்டில் போடச் சொல்லிட்டாரும்மா."

"போடச் சொன்னாரு. கட்டையப் போடச் சொன்னாரா?"

உப்பு இன்னொரு கதை. கடல் தண்ணீர் குழாய்த் தண்ணீரைவிட அடர்த்தி. அதில் கட்டை ஒரு நூலிழை மேலே மிதக்கும். தொட்டியில் சரியாக அமிழ்ந்தது உப்புத் தண்ணீரில் துள்ளிக்கொண்டு நிற்கும். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு என்று அறிவியல் புத்தகத்தில் படித்திருந்தேன். கணக்குப் போட்டு, பத்து லிட்டர் வாளியில் அம்மாவின் உப்பு ஜாடியை அப்படியே கவிழ்த்தேன். அன்று ராத்திரி ரசத்துக்கு உப்பில்லை. கணக்கு மட்டும் சரி.

1985 டிசம்பர் பள்ளி விடுமுறையில் காலாங் போனோம். எரிவாயு ஆலைக்கு இந்தப் பக்கம், கழிமுகம் விரிகிற இடம். அந்த ஆலையைச் சீனர்கள் நெருப்புக் கோட்டை என்பார்கள். அந்தி நேரத்தில் அதன் பெரிய உருளைத் தொட்டிகள் தண்ணீரில் கறுப்பாக விழுந்து கிடக்கும். நாற்பது ஐம்பது தடவை எறிந்திருப்போம். என் கையில் கோல் இருந்தபோது எதுவோ பிடித்து இழுத்தது. நான் பாறை என்று நினைத்தேன். மாமா கோலை வாங்கவில்லை. என் தோளை மட்டும் பின்னாலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கொடுவா. முக்கால் கிலோ இருக்கும். கண் விளக்கு வெளிச்சத்தில் சிவப்பாக எரிந்தது. கொடுவாக் கண் அப்படித்தான். அதன் கடைவாயில் எங்கள் மீன் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் சிவப்புக் கண்.

வீட்டில் அம்மா, காலாங் மீனைச் சட்டியில் ஏற்ற மாட்டேன் என்றாள். அம்மாச்சி அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தேக்காவில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அதேபோல் பார்த்தாள். செதில் எடுத்தாள். வயிற்றைக் கீறிக் குடலை உருவி, இரைப்பையைத் தனியே எடுத்து விரலால் பிதுக்கினாள். நான் எதிரே குந்தியிருந்தேன். கலங்கிய தண்ணீர் மாதிரி ஏதோ கொஞ்சம் வந்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள். "ஒரு எறாக்குஞ்சுகூட இல்ல. பட்டினியா வந்திருக்கு."

மாமா குளியலறை வாசலில் நின்று பொய்மீனைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும்.

மாங்காய் போட்டுப் புளிக்குழம்பு வைத்தாள். வீடே மணத்தது. அம்மாகூடக் கடைசியில் தட்டை நீட்டினாள். தலையை வழக்கம்போல மாமாவுக்குப் போட்டாள். தான் மட்டும் மோர்சோறு சாப்பிட்டாள். கேட்டதற்குப் பல்வலி என்றாள்.

மாமா அதற்குப் பிறகும் செய்தார், நிறையச் செய்தார். கல்யாணம் ஆகி, மகன் பிறந்தபின் குறைந்தது. 1988இல் எங்களுக்கு அங் மோ கியோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு கிடைத்தது. புது வீட்டுக் குளியலறையில் தொட்டி இல்லை, பூவாளிக் குழாய். அம்மாச்சி 1991இல் போனாள். நெருப்புக் கோட்டை 1998இல் அணைந்தது. 2008இல் மரீனா அணைக்கட்டு வந்து கடலேற்றத்தை வெளியே நிறுத்திவிட்டது. காலாங்கும் ரோச்சோரும் இப்போது நன்னீர். என் உப்புக் கணக்குக்கு அங்கே வேலையில்லை. சுங்கை ரோட்டுச் சந்தையை 2017 ஜூலையில் மூடினார்கள். கடைசி நாளன்று மாமாவும் நானும் போய் நின்றோம். வாங்க எதுவும் இல்லை.

போன மாதம் என் மகளை மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிப்போனேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. தூண்டிலுக்கு ஒதுக்கிய இடத்தில் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி உண்டு: உயிர் இரை கூடாது, செயற்கை இரை மட்டும்தான். குடிநீர் கெடக் கூடாதே என்பதற்காக. புழுவும் தவளையும் குற்றம், கட்டைக்கு அனுமதி. அம்மாச்சி இருந்தால் அந்த விதியை எவனாவது மொழிபெயர்த்துச் சொன்ன பிறகு என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். மகள் ஏன் என்று கேட்டாள். வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இப்போது அவளும் ஒன்று செதுக்கியிருக்கிறாள். தொட்டிக்கு என்ன செய்ய? முஸ்தஃபா கடையில் துணி போட்டுவைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கினோம். மீன் இரண்டு ஆட்டு ஆடுவதற்குள் மறுசுவர் வந்துவிடுகிறது. ஆனால் அவள் கைப்பேசியில் படம் எடுத்து வேகத்தைக் குறைத்துப் போட்டாள். நாங்கள் டார்ச் அடித்து, மூச்சைப் பிடித்துப் பார்த்த தள்ளாட்டம் திரையில் சாவகாசமாகப் போகிறது.

"அப்பா, வலது பக்கம் சாயுது."

குறட்டை எடுக்கப் போனவன் நின்றுவிட்டேன். மேசையில் புளோக்குக் கீழே அவள் பொறுக்கி வந்த சாகா விதைகள் கிடந்தன. சமையலறையிலிருந்து மின் தராசைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு விதையை வைத்தாள். 0 என்று காட்டியது. இன்னொன்று. அப்போதும் 0. மூன்றாவதையும் வைத்துவிட்டு, தராசுக்குப் பக்கத்தில் மூச்சு விடாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.